வீடியோ வழியாகப் பண்ணைச் சான்று ஆய்வு: பெருந்தொற்றுக் காலத்துக்கான முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த மாதமே பிரிட்டனில் பண்ணைகளுக்குத் தரச் சான்று தரும் ரெட் டிராக்டர் திட்டம் ஆய்வாளர்களைப் பண்ணைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, ஆவணங்களை இணையத்தில் ஏற்றச் சொல்லி, மீதியை வீடியோ அழைப்பில் பார்க்கும் முறைக்கு மாறியது. நல்ல வேளாண் முறைக்குச் சான்று தரும் குளோபல் கேப் போன்ற சர்வதேசத் திட்டங்களும் தொலைவழி ஆய்வுக்கு இடம் கொடுத்தன. வேறு வழியும் இல்லை. ஊரடங்கு என்பதற்காக மாடு பால் சுரப்பதை நிறுத்தாது, காய் பழுக்காமல் இருக்காது. சான்று காலாவதியாகிவிட்டால் வாங்குபவர் சரக்கைத் தொடமாட்டார்.

நேரில் வரும் ஆய்வாளர் தானே தேடிப் பார்ப்பார், நீங்கள் கூடவே நடந்தால் போதும். மருந்து அலமாரியை அவரே திறப்பார், தீவனச் சாக்கின் லேபிளைக் குனிந்து படிப்பார். கொட்டகைக்குள் கால் வைக்கும்போதே அம்மோனியா நெடி அவர் மூக்கில் ஏறிவிடும். வீடியோவில் இது எதுவும் நடக்காது. நீங்கள் காட்டுவதை மட்டுமே அவர் பார்ப்பார். காட்டாததை ‘சரிபார்க்கப்படவில்லை’ என்றுதான் அறிக்கையில் எழுதுவார். ஆகவே வேலையில் பெரும்பகுதி அழைப்புக்கு முன்பே, காகிதத்தில் முடிந்திருக்க வேண்டும்.

தேதிக்குச் சம்மதிக்கும் முன்

வீடியோ ஆய்வை யாரும் உங்கள் மேல் திணிக்க முடியாது. சான்றளிப்பு நிறுவனங்கள் பின்பற்றும் சர்வதேச அங்கீகார மன்றத்தின் எம்டி 4 என்ற ஆவணம், ஆய்வுக்குத் தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதையும் தகவல் பாதுகாப்பையும் இரு தரப்பும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது. பண்ணையில் சிக்னலே இல்லை என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆய்வு நாளன்று சொன்னால் அது சாக்குப்போக்காகத் தெரியும்.

சம்மதிப்பதற்கு முன் இவற்றையெல்லாம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். ஆய்வு முழுவதும் தொலைவழியா, அல்லது ஆவணங்கள் இப்போது, நேரடி வருகை பிறகு என்று பிரிக்கப்பட்டதா? இதன் முடிவில் கிடைப்பது வழக்கமான சான்றா, பழைய சான்றின் கால நீட்டிப்பா, அல்லது வேறு பெயரில் ஓர் அறிக்கையா? திட்டத்தின் எந்தப் பதிப்பின்படி ஆய்வு? எந்த ஆப்? அழைப்பைப் பதிவு செய்வார்களா, செய்தால் எங்கே, எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? ஆவணங்களை ஏற்றக் கடைசி நாள் எது? நடுவில் இணைப்பு அறுந்தால் அன்றே தொடர்வார்களா, வேறு தேதியா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். உங்கள் சரக்கை வாங்கும் நிறுவனத்திடமும் அதையே கேளுங்கள். சான்றளிப்பவர் ஏற்கும் தொலைவழி ஆய்வை வாங்குபவர் ஏற்காமல் போனால் உழைப்பு வீண்.

இன்னொரு விஷயம். ஆய்வாளர் உங்களுக்கு ஆலோசகர் இல்லை. விதி என்ன சொல்கிறது என்று விளக்குவார். ‘இதை எப்படிச் சரிசெய்வது’ என்று கேட்டால் நழுவுவார், நழுவத்தான் வேண்டும். சான்று தருபவரே ஆலோசனையும் சொல்லக் கூடாது என்பது சான்றளிப்பு நிறுவனங்களுக்கான ஐஎஸ்ஓ 17065 தரத்தின் நடுநிலை விதி. ஆலோசனைக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

ஆவணங்கள்: உண்மையான ஆய்வு இங்கேதான்

நேரடி ஆய்வில் ஆய்வாளர் உங்கள் பதிவேடுகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு மணி நேரம் புரட்டுவார். தொலைவழியில் அவை முன்கூட்டியே அவர் கணினிக்குப் போய்விடும். அவர் நிதானமாக ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவார். நேரடி ஆய்வில் கண்ணில் படாமல் போன பிசகுகள் இங்கே சிக்கிக்கொள்ளும். அதனால் அனுப்புவதற்கு முன் அந்த ஒப்பீட்டை நீங்களே செய்து பாருங்கள்.

ஒரே ஒரு மருந்து பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி வாங்கியதற்கு பில் இருக்கிறது. பதிவேட்டில் 15 மில்லி வீதம் நான்கு ஊசிகள், மொத்தம் 60 மில்லி. அப்படியானால் அலமாரியில் 40 மில்லி இருக்க வேண்டும். வீடியோவில் அந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டும்போது 25 தான் நிற்கிறது என்றால், ஓர் ஊசி பதிவாகவில்லை என்பது ஆய்வாளருக்குப் பட்டென்று புரிந்துவிடும். உடைந்து கொட்டியிருந்தால் அதையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த பாட்டிலிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. ஊசி மருந்துகள் பலவற்றைத் திறந்த பிறகு 28 நாட்களுக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும், சரியான கெடு லேபிளில் இருக்கும். திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் பாட்டிலிலேயே எழுதியிருக்காவிட்டால் உங்களால் எதையும் நிரூபிக்க முடியாது.

மருந்து நிறுத்தக் காலத்தை, அதாவது ஊசிக்குப் பிறகு பாலையோ இறைச்சியையோ விற்கக் கூடாத நாட்களை, எண்ணும்போது சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கடைசி ஊசியிலிருந்துதான் எண்ண வேண்டும். கடைசி ஊசி ஜூன் 10, நிறுத்தக் காலம் 28 நாள் என்றால் ஜூலை 8-க்கு முன் அந்த விலங்கு இறைச்சிக்குப் போயிருக்கக் கூடாது. விற்பனைப் பதிவேட்டில் ஜூலை 5 என்றிருந்தால் அது சாதாரணக் குறைபாடாக முடியாது. பதிவேட்டில் ‘எந்தத் தேதி முதல் விற்கலாம்’ என்று தனிக் கட்டம் போட்டு, ஊசி போட்ட அன்றே நிரப்பிவிட்டால் இந்தத் தவறு வராது.

பயிர்ப் பதிவேட்டிலும் இதே கணக்குப் புத்தி வேண்டும். தெளித்த தேதி, வயல், பயிர், மருந்தின் முழுப் பெயர், எதற்காகத் தெளித்தது, அளவு, தண்ணீர் அளவு, பரப்பு, தெளித்தவர் பெயர், காற்றும் வானிலையும், அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள் எல்லாம் இருக்க வேண்டும். பிறகு பெருக்கிப் பாருங்கள்: 2.5 ஹெக்டேருக்கு, ஹெக்டேருக்கு 1.2 லிட்டர் வீதம், 3 லிட்டர் போயிருக்க வேண்டும். இருப்புப் பட்டியலில் 2 லிட்டர்தான் குறைந்திருக்கிறது என்றால் பரப்பு தவறா, அளவு தவறா, இருப்பு தவறா என்பதை நீங்களே முதலில் கண்டுபிடியுங்கள். பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டு சொல்பவரும், கேமரா முன் விழிப்பவரும் ஒன்றல்ல.

அடுத்து மொத்த விளைச்சல் கணக்கு. 10 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 4 டன் என்று பதிந்திருந்தால் 40 டன் வரும். விற்றது 46 டன் என்றால் அந்த 6 டன் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பெரும்பாலும் போன வருட இருப்பு சேர்ந்திருக்கும், அல்லது ஈரப்பதத்தோடு ஒரு எடை, உலர்த்திய பின் ஒரு எடை என்று கலந்திருக்கும். அதைக் குறிப்பாக எழுதி ஆவணத்தோடு இணைத்துவிடுங்கள். சான்றில்லாத சரக்கு கலந்துவிட்டது என்ற சந்தேகத்துக்கு மட்டும் இடம் கொடுக்கக் கூடாது.

சரக்கின் தடம் பிடிக்கும் சோதனையை வீட்டிலேயே ஒருமுறை நடத்திப் பாருங்கள். ஏதோ ஒரு விற்பனை ரசீதைக் கண்ணை மூடிக்கொண்டு உருவுங்கள். அதிலிருந்து எந்த வயல், எந்த நாள் அறுவடை, அதற்கு முன் என்ன தெளித்தது, விதை அல்லது நாற்று எங்கே வாங்கியது என்று பின்னோக்கிப் போங்கள். அரை மணி நேரத்துக்குள் முடியவில்லை என்றால் எந்தக் கண்ணியில் தடம் அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அறுவடை நாளுக்கும் பேக்கிங் நாளுக்கும் இடையில்தான் அறும்.

மீதி ஆவணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவையே: கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட நலத் திட்டம், தீவன பில்கள், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, எடைமேடைச் சோதனைச் சான்று, பணியாளர் பயிற்சிச் சான்றுகள், எலிப் பொறி வைத்த வரைபடம், வண்டி கழுவிய பதிவு, அவசரத் தொடர்பு எண்கள், முந்தைய ஆய்வறிக்கை. கடைசியாகச் சொன்னதைத்தான் ஆய்வாளர் முதலில் திறப்பார். போன முறை எழுதிய குறை இன்னும் அப்படியே இருந்தால் மற்றதெல்லாம் எடுபடாது.

ஸ்கேன் செய்யும்போது போன் கேமராவில் சும்மா படம் எடுக்காமல், ஸ்கேன் ஆப்பில் எடுத்து பிடிஎஃப் ஆக்குங்கள். பக்கத்தின் நான்கு மூலையும் தெரிய வேண்டும். பெயர் ‘ஐஎம்ஜி 4471’ என்று இருந்தால் அழைப்பில் இரண்டு பேரும் தேடிக்கொண்டிருப்பீர்கள். திட்டத்தின் சரிபார்ப்புப் பட்டியலில் உள்ள விதி எண்ணை முதலில், பிறகு ஆவணத்தின் பெயர், பிறகு ஆண்டு என்று பெயர் வையுங்கள். சம்பளப் பட்டியல், பணியாளரின் அடையாள அட்டை, மருத்துவத் தகவல் போன்றவற்றைக் கேட்டாலொழிய ஏற்ற வேண்டாம். கேட்டாலும், திரையில் காட்டினால் போதுமா என்று கேளுங்கள்.

புகைப்படச் சான்று அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் படத்திலிருந்து அழிந்துவிடும். ‘ஆவணம்’ என்ற வழியில் இணைத்தால் அவை அப்படியே போகும்.

தொற்றால் தவறிப்போன தேதிகள்

மருத்துவர் வர முடியவில்லை, பயிற்சி வகுப்பு ரத்து, ஆய்வகம் மூடல், மருந்து தெளிக்கும் ஸ்பிரேயரைச் சோதிப்பவர் வரவில்லை. பெருந்தொற்றில் இதெல்லாம் எல்லோருக்கும் நடந்தது, ஆய்வாளருக்கும் தெரியும். ஆனால் ‘கொரோனா சார்’ என்ற ஒரே பதில் சான்றாகாது. மூன்று துண்டுக் காகிதம் வேண்டும்: ரத்தானதைச் சொல்லும் மின்னஞ்சல், அடுத்து எடுத்திருக்கும் தேதி, அதுவரை நீங்களாகச் செய்த மாற்று ஏற்பாடு. மூன்றாவதுதான் பலரிடம் இருப்பதில்லை.

உதாரணத்துக்கு ஸ்பிரேயர். சோதனைக்காரர் வரும்வரை நீங்களே அளந்து எழுதி வைக்கலாம். தொட்டியில் சுத்தமான தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு நாசிலின் (தெளிப்பு முனையின்) அடியிலும் அளவு ஜாடியை ஒரு நிமிடம் பிடியுங்கள். வயலில் 100 மீட்டரைக் கடக்க எத்தனை நொடி என்று பாருங்கள்; 60 நொடி என்றால் மணிக்கு 6 கிலோமீட்டர். கணக்கு இதுதான்: ஒரு நாசிலின் நிமிட லிட்டரை 600 ஆல் பெருக்கி, வேகத்தையும் நாசில்களுக்கு இடையேயான மீட்டர் தூரத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 0.8 லிட்டர், வேகம் 6, இடைவெளி 0.5 மீட்டர் என்றால் 480-ஐ 3-ஆல் வகுத்து, ஹெக்டேருக்கு 160 லிட்டர். எந்த நாசிலாவது புதிய நாசிலின் அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக ஊற்றினால் அது தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். இந்த அளவுகளைத் தேதி, கையொப்பத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி, ஜாடி பிடித்த ஒரு படத்தையும் சேர்த்தால் ஆய்வாளர் கையில் உருப்படியான ஆவணம் ஒன்று இருக்கும்.

போன், நெட், சத்தம்

இருவர் மட்டும் பேசும் 720 தர வீடியோ அழைப்புக்கு ஏறவும் இறங்கவும் நொடிக்குச் சுமார் 1.2 மெகாபிட் வேண்டும். மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி கரையும். இரண்டு மணி நேர ஆய்வுக்கு 3 ஜிபி கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேகச் சோதனை செய்யும்போது எல்லாரும் இறங்கும் வேகத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். உங்களுக்குத் தேவை ஏறும் வேகம். படம் அனுப்புபவர் நீங்கள்தான்.

வீட்டு வாசலில் சோதித்துப் பயனில்லை. ஆய்வாளர் பார்க்கப்போகும் ஒவ்வோர் இடத்திலும் நின்று சோதியுங்கள். தகரக் கூரைக்கடியில் சிக்னல் சரியும். உலோகத் தகடு பதித்த குளிர் அறைக்குள் கதவைச் சாத்தினால் அறவே போய்விடும். இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்திருந்தால் எங்கே எது எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எதுவுமே எடுக்காத இடங்களின் பட்டியலை ஆய்வாளருக்கு முன்கூட்டியே அனுப்பி, அங்கே மட்டும் பதிவு செய்த வீடியோ போதுமா என்று கேளுங்கள். போதும் என்றால், வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்: அடையாளம் தெரியும் வெளிப்புறத்தில் தொடங்கி, தேதியையும் நேரத்தையும் சொல்லி, உள்ளே போய், வெளியே வந்து முடியுங்கள். பழைய வீடியோ இல்லை என்று காட்ட, அன்று காலை ஆய்வாளர் தரும் ஒரு சொல்லைத் தாளில் எழுதி ஆரம்பத்தில் காட்டுவது நல்ல ஏற்பாடு.

காற்றடிக்கும் வெளியில் போனின் மைக் இரைச்சலைத்தான் அனுப்பும். மைக் உள்ள இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்க கேமராவைப் பயன்படுத்துங்கள், லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள். போனைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். பவர் பேங்க் அவசியம். கடும் வெயிலில் போன் சூடேறிப் படம் நின்றுவிடக்கூடும். அதனால் வெளிப்புற நடையைக் காலையில் வையுங்கள். மற்ற அழைப்புகள் குறுக்கே வராதபடி ‘தொந்தரவு வேண்டாம்’ நிலையைப் போட்டுவிடுங்கள்.

ஒத்திகைக்கு வீட்டில் ஒருவரை உள்ளே உட்காரவைத்து அழையுங்கள். பத்து நிமிடம் போதும். லேபிள் படிக்க முடிகிறதா, குரல் கேட்கிறதா, தலை சுற்றுகிறதா என்று அவரே சொல்லிவிடுவார். பலரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரண வேகத்தில் நடப்பார்கள். திரைக்கு அந்தப் பக்கம் எல்லாம் மங்கலான கோடுகளாக ஓடும். பாதி வேகத்தில் நடங்கள். காட்ட வேண்டிய இடத்தில் நின்று, மூன்று நொடி அசையாமல் பிடித்து, பிறகு திரும்புங்கள்.

எந்த வழியாக நடப்பது

பண்ணையின் கைவரைபடம் ஒன்று போட்டு, நிற்கும் இடங்களுக்கு எண் கொடுத்து, முன்கூட்டியே அனுப்புங்கள். சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு, இளம் விலங்குகளிடமிருந்து முதிர்ந்தவற்றுக்கு, கடைசியில்தான் நோய்க் கொட்டில் என்ற வரிசையை மாற்றாதீர்கள். நுழைவுப் பலகை, கை கழுவுமிடம், காலணிக் கிருமிநாசினித் தொட்டி ஆகியவற்றைத் தாண்டும்போது நீங்களே அவற்றைப் பயன்படுத்துவதை ஆய்வாளர் பார்க்கட்டும். தொட்டியைக் காட்டிவிட்டு அதைத் தாண்டிக் குதித்துப் போனால் அதுவும் பதிவாகும். போனும் ஒரு தொற்றுக் கடத்திதான். கொட்டகைக்குக் கொட்டகை 70 சதவீத ஆல்கஹால் துடைப்பானால் துடையுங்கள், அல்லது ஒளி ஊடுருவும் ஜிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பைக்குள் இருந்தாலும் திரை தொடுதலுக்கு வேலை செய்யும்.

ஆய்வாளர் எந்த நேரமும் ‘அந்தக் கதவைத் திறங்கள்’, ‘வலப்பக்கம் திருப்புங்கள்’ என்பார். திட்டமிட்ட வழியை விட்டு விலகச் சொல்வது அவர் வேலை. தயங்காமல் திருப்புங்கள். சாவிக் கொத்து மொத்தமும் உங்களிடம் இருக்கட்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் வளைந்துகொடுக்க வேண்டாம். திரையைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்காதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டு படம் பிடிக்காதீர்கள். சாணக் கழிவுத் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சுவாயு கிளம்பும், எட்டிப்பார்க்கக் கூடாது. பாஸ்பீன் நச்சுவாயுவால் புகைமூட்டிய கிடங்கைத் திறக்கச் சொன்னால் எச்சரிக்கைப் பலகையையும் புகைமூட்டப் பதிவையும் காட்டி மறுத்துவிடுங்கள். காளை, குட்டி போட்ட தாய் போன்றவை இருக்கும் அடைப்பில் போனைப் பிடிக்க இன்னொருவர் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும்.

அழைப்பில் ஒவ்வோர் இடத்திலும்

மருந்து அலமாரி: பூட்டியிருப்பதைக் காட்டிவிட்டுத் திறங்கள். குளிர்பெட்டிக்குள் வெப்பமானியை முதலில் காட்டுங்கள். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். காலாவதியானவை தனி டப்பாவில், ‘பயன்படுத்தாதே’ என்ற எழுத்தோடு இருந்தால் பிரச்சினை இல்லை. நல்லதோடு கலந்திருந்தால் குறைபாடு.

பூச்சிமருந்துக் கிடங்கு: பூட்டு, எச்சரிக்கைப் பலகை, காற்றோட்டம், தீயணைப்பான், கொட்டினால் அள்ள மணல் அல்லது உறிஞ்சுபொருள் என்ற வரிசையில் போங்கள். பொடி மருந்து மேல் தட்டில், திரவம் கீழ்த் தட்டில். ஒழுகினால் பொடி கெடாது. கசிவைத் தாங்கும் தடுப்பு, வைத்திருக்கும் திரவத்தின் மொத்த அளவில் 110 சதவீதத்தைக் கொள்ள வேண்டும் என்பது பரவலான அளவுகோல்: 200 லிட்டர் வைத்திருந்தால் 220 லிட்டர். தடுப்பின் நீள அகல உயரத்தை டேப் பிடித்து கேமராவில் காட்டினால் ஒரு வாதம் மிச்சம். ஆய்வாளர் ஏதாவது நான்கைந்து லேபிள்களைப் படிக்கச் சொல்லி, நீங்கள் அனுப்பிய இருப்புப் பட்டியலோடு ஒப்பிடுவார்.

விலங்குகள்: இங்கேதான் கேமரா மிகவும் பலவீனம். முதலில் வேலிக்கு வெளியிலிருந்து, விலங்குகள் கலைவதற்கு முன், முழு மந்தையையும் காட்டுங்கள். படுத்திருப்பது, அசைபோடுவது, ஒதுங்கி நிற்பது எல்லாம் அப்போதுதான் தெரியும். நடை குறையைப் பார்க்க மாட்டைக் கெட்டியான சமதளத்தில், பக்கவாட்டில் இருந்தும் பின்னாலிருந்தும், 6 முதல் 10 அடி எடுத்துவைக்கும்வரை காட்ட வேண்டும். சேற்றில் எல்லா மாடும் ஒன்றுபோலத்தான் நடக்கும். போனை மாட்டின் முதுகு உயரத்தில் அசையாமல் பிடியுங்கள். மேலிருந்து பிடித்தால் உடல்கட்டு தவறாகத் தெரியும். நொண்டும் மாட்டை மறைக்க வேண்டாம். சிகிச்சைப் பதிவோடு காட்டுங்கள். சிகிச்சை இருந்தால் அது நிர்வாகம், இல்லாவிட்டால்தான் குறை.

கோழிக் கொட்டகையில் ஃபிளாஷ் வெளிச்சம் போடவே கூடாது. பறவைகள் மிரண்டு மூலையில் குவிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். உள்ள வெளிச்சத்திலேயே மெதுவாக நடங்கள். படம் மங்கலாக இருந்தால் இருக்கட்டும். நெடியைக் கேமராவில் காட்ட முடியாது, அளந்த எண்ணைக் காட்டலாம். அடர்த்தி கூடிய பிராய்லர் கொட்டகைகளில் அம்மோனியா கோழித் தலை மட்டத்தில் 20 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 20 பங்கு) தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. அளவுக் குழாயையோ மீட்டரையோ அந்த உயரத்தில் பிடித்து அழைப்பிலேயே படியுங்கள். கோழிகளுக்கு அடியில் பரப்பிய குப்பைப் படுகையை ஒரு கைப்பிடி அள்ளிப் பிசைந்து விடுங்கள். உதிர்கிறதா, உருண்டையாக நிற்கிறதா என்பது திரையில் நன்றாகவே தெரியும்.

பேக்கிங் கூடம்: விளக்குகளுக்கு உடையாத உறை, கை கழுவுமிடத்தில் ஓடும் தண்ணீர், சோப்பு, ஒருமுறைத் துடைப்பான், தரையிலிருந்து உயர்த்தி வைத்த அட்டைப்பெட்டிகள். குழாயைத் திறந்து காட்டுங்கள், மூடிய குழாய் எதையும் நிரூபிக்காது. பணியாளரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று ஆய்வாளர் கேட்டால் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு விலகிப் போங்கள். பின்னால் நின்று பதில் சொல்லிக்கொடுப்பது கேமராவுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். பணியாளரின் பார்வை அடிக்கடி ஒரே பக்கம் திரும்புவதே காட்டிக்கொடுத்துவிடும். பதிவு நடக்கிறது, முகம் தெரியும் என்பதை அவர்களிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

தொற்று பற்றிக் கேட்பவை

இது சிறிய பகுதிதான், ஆனால் பெருந்தொற்றில் தவறாமல் வரும். யாருக்காவது தொற்று வந்தால் யாரைத் தனிமைப்படுத்துவது, அவர் வேலையை யார் செய்வது, அந்த மாற்று ஆளுக்குப் பால் கறக்கவோ மருந்து தெளிக்கவோ பயிற்சி இருக்கிறதா? முதலாளியே பத்து நாள் படுத்துவிட்டால் விலங்குகளுக்குத் தீவனம் போடுவது யார்? ஒரு பக்கத்தில் பெயரும் எண்ணும் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் போதும். லாரி ஓட்டுநர்கள் இறங்காமலே ரசீது வாங்கும் ஏற்பாடு, பணியாளர் தங்குமிடத்தில் படுக்கை இடைவெளி, இடைவேளையை முறைவைத்து விடுவது, வந்துபோனவர் பதிவேடு ஆகியவையும் வரும். மேற்பரப்புக்கு அடிக்கும் கிருமிநாசினியும் கால்நடைக்கு அருகில் அடிப்பதும் ஒரே பொருளாக இருந்தால், அது விலங்குகளுக்குப் பாதுகாப்பானதா என்று லேபிளைக் காட்டத் தயாராக இருங்கள்.

அழைப்பு முடிந்த பிறகு

துண்டிக்கும் முன் ஆய்வாளர் குறைகளை வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் விதி எண்ணைக் கேட்டு எழுதுங்கள். புரியாததை அங்கேயே கேளுங்கள், அறிக்கை வந்த பிறகு மல்லுக்கட்டுவது கடினம். குளோபல் கேப் விதிகளில் முக்கிய விதிகளான ‘மேஜர்’ வகை முழுக்க, சிறிய விதிகளான ‘மைனர்’ வகை 95 சதவீதம் நிறைவேற வேண்டும். ஏற்கனவே சான்று உள்ளவர்களுக்குக் குறை தீர்க்க 28 நாட்கள் வரை, முதல்முறை வருபவர்களுக்கு மூன்று மாதம் வரை. மற்றத் திட்டங்களின் கெடு அவற்றின் விதிப்புத்தகத்தில் இருக்கும்.

குறை தீர்த்த சான்று பெரும்பாலும் திரும்பி வருவதற்குக் காரணம், செய்ததை மட்டும் எழுதிவிட்டு ஏன் நடந்தது என்பதை விட்டுவிடுவது. குளிர்பெட்டி 11 டிகிரி காட்டியது என்று வைத்துக்கொள்வோம். ‘குமிழைத் திருப்பிவிட்டோம்’ என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். கதவு ரப்பர் கிழிந்திருந்தது, மாற்றினோம், பில் இணைத்துள்ளோம். உள்ளே இருந்த தடுப்பூசிகளைக் கால்நடை மருத்துவர் சொன்னபடி அழித்தோம், அவர் குறிப்பு இது. உச்ச, நீச வெப்பம் காட்டும் வெப்பமானி வைத்தோம், இரண்டு வார தினப்பதிவு இது. இனி தினமும் காலையில் பார்ப்பவர் இவர். இப்படி எழுதினால் ஒரே தடவையில் முடிந்துவிடும். முன்-பின் படங்களை ஒரே கோணத்தில் எடுங்கள், அதே சுவரும் அதே அலமாரியும் தெரியட்டும்.

‘தொலைவழியில் சரிபார்க்க முடியாதவை’ என்ற பட்டியல் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கட்டுப்பாடுகள் தளர்ந்து ஆய்வாளர் நேரில் வரும்போது அந்தப் பட்டியலோடுதான் வருவார். ஏற்றிய ஆவணங்களின் நகலை ஆய்வுத் தேதி போட்ட ஒரே கோப்புறையில் அப்படியே வைத்திருங்கள். பிறகு திருத்திய பதிவேட்டை அதன் மேல் எழுதிவிடாமல் தனிப் பெயரில் சேமியுங்கள். அன்று அனுப்பியதும் இன்று பண்ணையில் இருப்பதும் வேறுபட்டால், எது எப்போது ஏன் மாறியது என்பதை உங்களால் சொல்ல முடிய வேண்டும்.